பதினோராவது கேள்வி

நாகர்கோவிலில் விடைத்தாள் திருத்தும் முகாம்.
ஆடிக் காற்று சன்னலைப் பிடித்து உலுக்குகிறது.
கட்டுக்கு முப்பது தாள்.
பதினோராவது கேள்வி, பத்து மதிப்பெண்:
‘நாகரிகங்களின் எதிர்காலம் பற்றித்
தத்துவவாதிகள் கூறுவன யாவை?’

சக்கரம் என்றால் இரண்டு.
ஏணி என்றால் இரண்டு.
மரம்போல் தளிர்த்து மரம்போல் பட்டுவிடும் என்றால்
மேற்கோளோடு மூன்று.
இருபத்தாறு பேர் அதையே எழுதியிருந்தார்கள்,
சிவப்புப் பேனா தூங்கிக்கொண்டே நடந்தது.

இருபத்தேழாவது தாளில் சக்கரம் இல்லை.

‘எங்கள் ஊரில் தூண்டில் வளைவு போட்டார்கள்.
கல் இறங்கியதும் மணல் நின்றது, பள்ளிக்கூடம் நின்றது.
கடல் நகர்ந்துபோய்
அடுத்த ஊரின் கல்லறைத் தோட்டத்தைத் தின்றது.
அவர்களும் கல் கேட்டார்கள், கிடைத்தது.
இப்போது அதற்கடுத்த ஊர்.
அறிஞர்கள் எதிர்காலத்தை
இன்னும் நூறு வருடம் தள்ளி வைக்கிறார்கள்.
எங்களுக்கு அது
மேற்கே இரண்டு கிலோமீட்டர்.’

ஊர்ப்பெயரை எழுதி அடித்திருக்கிறது அந்தக் கை.
அடையாளம் தெரியக் கூடாது, விதி.
மைக்கு அடியில் ‘துறை’ மட்டும் மிச்சம்.
இந்தக் கரையில் பாதி ஊர் துறைதான்.

விடைக்குறிப்பில் இதற்கு இடமில்லை.
பக்கத்து மேசை லீலாபாய் டீச்சரிடம் நீட்டினேன்.
படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
‘எல்லாஞ் செரி,
இவங்க ஊரு வரிசையில எத்தனாவதுண்ணு
எழுதல்லியே.’

ஏழு போட்டேன். அடித்து எட்டாக்கினேன்.
அடித்தலுக்குப் பக்கத்தில் ஒரு சுருக்கொப்பம்.

கட்டில் இன்னும் மூன்று தாள்.
திருப்பினேன்:
சக்கரம்.