லஞ்ச் ஷீட்

ஜம்பட்டா வீதிக்குத் தார் ஊற்றிய கிழமை.
ரெஜினோல்டின் இடது குதிக்காலில்
அதுதான் ஒட்டிக் கிடக்கு என்று நினைத்தேன்.
தேங்காயெண்ணெய் தேய்த்தேன், பிறகு மண்ணெண்ணெய்.
தார் என்றால் போயிருக்கும்.

"மச்சமடி. அதிர்ஷ்டம் காலால நடந்து வருது."
நாற்பத்தாறு வயதிலா?

போயா தினங்களில் மட்டும்தான்
மத்தியானம் வீட்டில் படுப்பார்.
குறட்டை தொடங்கியதும்
சோறு கட்டும் லஞ்ச் ஷீட்டைக் குதிக்காலில் விரித்து
மார்க்கரால் ஓரத்தைக் கீறினேன்.
கூசி ஒருமுறை உதைத்தார்.

மூன்று போயா. மூன்று ஷீட்.
ஒன்றின்மேல் ஒன்று வைத்தால்
கரையோடு கரை சேரவில்லை.
காலிமுகத்தில் கடலை நிரப்பி
நகரம் நீட்டினார்களே,
அப்படி ஒரு பக்கம் மட்டும் வெளியே போயிருந்தது.
நிறமும் ஒன்றில்லை:
நடுவில் கறுப்பு, ஓரத்தில் தேயிலைச் சாயம்.

நோகவில்லையாம். நோகாததுதான் எனக்குப் பயம்.
மகரகம என்ற ஊரை
எங்கள் வீட்டில் குரல் இறக்கித்தான் சொல்வோம்.
அன்று சத்தமாகச் சொன்னேன்.

டொக்டர் காலைப் பார்க்குமுன்
ஷீட்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
"யார் கீறினது?"
பிறகு, "வெட்டி அனுப்பிப் பார்ப்போம்.
பிந்தி வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்."

ரெஜினோல்ட் முதல்முறையாகத்
தன் உள்ளங்காலைப் பார்க்கக் குனிந்தார்.
தொந்தி விடவில்லை.
நான்தான் தூக்கிப் பிடித்தேன்.