மூன்றாவது பீரியட்

தஞ்சாவூர் மெடிக்கலில் ஏழரைக்கு நைட் டூட்டி முடியும்.
எட்டேகாலுக்குப் படுப்பேன்.
ஒன்பது மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்
பள்ளிக்கூடம் எழுந்துகொள்ளும்.

முன்பு உரக் கிடங்கு அது.
மழை பெய்தால் இப்போதும் யூரியா வாசம்.
வாசலில் சைக்கிள் செயினில் செய்த மயில்.
பலகையில் கலைப் பள்ளி என்றிருக்கும்;
தெருவுக்கு அது கூத்தடிக்கிற ஸ்கூல்.
வருஷம் நாற்பத்தெட்டாயிரம், வேன் தனி.
விசாரித்துவிட்டு வந்த என் அக்கா
"படிக்க வைக்கவா, ஆட வைக்கவா?" என்றாள்.
அவள் மகன் நீட் கோச்சிங்கில் இருக்கிறான்.

முதல் பீரியட் பறை.
இரண்டாவது கணக்கு. அதையும் கைதட்டித்தான் சொல்வார்கள்;
பதினேழாம் வாய்பாடு
நூற்றுப் பத்தொன்பதில் ஒரு குதி குதித்து
நூற்று முப்பத்தாறில் இறங்கும்.
மூன்றாவது நாடகம்.
அப்போதுதான் எனக்குக் கண் செருகும்.

நாடகம் தண்ணீரைப் பற்றி.
கல்லணையில் கிளம்பிய தண்ணீர்
கடைமடைக்குப் போய்ச் சேர்வதற்குள்
யார் யாரிடமெல்லாம் நின்று பேசுகிறது என்பது.
ஒரு பெண் வெண்ணாறு.
இரண்டு பேர் ஆகாயத்தாமரை.
ஒருவன் மதகு.
மதகுக்கு ஒரே ஒரு வசனம்:
"என்னைக் கேட்டா மூடினீங்க?"

அவன் தினமும்
"என்னைக் கேட்டா திறந்தீங்க?" என்பான்.
மிஸ் கைதட்டி நிறுத்துவார்.
ஆகாயத்தாமரை சிரிக்கும்.
வெண்ணாறு பின்னால் போய்
மறுபடி முதலிலிருந்து வரும்.

ஜூலையில் ஒருநாள்,
முந்தின ராத்திரி வார்டில் மூன்று சாவு,
நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு
நேராக ஆபீசுக்கே போய்விட்டேன்.
மனுஷி தூங்க வேண்டாமா என்றேன்.
"சாரி சிஸ்டர், ஜன்னலை மூடிடறோம்."
மூடினார்கள்.
தண்ணீருக்கு அடியில் யாரோ பேசுவதுபோல் கேட்டது.
வார்த்தை புரியாமல் போனதும்
காது இன்னும் கூர்மையாகிவிட்டது.
இரண்டு நாள்.
மூன்றாம் நாள் கரண்ட் போய்
வெக்கை தாங்காமல் அவர்களே திறந்தார்கள்.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.

புரட்டாசியில் ஒரு சனி இரவு,
எலும்பு முறிவுப் பிரிவு.
செ. மகிழ்வேந்தன், வயது பத்து, இடது கை.
புது ஆற்றுக் கட்டைச் சுவரிலிருந்து விழுந்தானாம்.
அப்பாவின் வேட்டியெல்லாம் சேறு.
மாவுக்கட்டு மணிக்கட்டைத் தாண்டி ஏறும்போது
அவன் அழவில்லை.
ஈரத் துணி முழங்கையைச் சுற்றுவதைப் பார்த்தபடி
யாரிடமும் இல்லாமல் சொன்னான்:
"என்னைக் கேட்டா மூடினீங்க?"

சரியாக. ஓர் எழுத்துகூடப் பிசகாமல்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.
என் கையிலிருந்த பேண்டேஜ் உருண்டு
கட்டிலடியில் போய் நின்றது.
எந்த ஸ்கூல் என்று கேட்டிருக்கலாம்.
வாய்வரை வந்தது.
பக்கத்துப் பெட்டில் ட்ரிப்ஸ் தீர்ந்திருந்தது, போனேன்.
திரும்பியபோது ஸ்ட்ரெச்சரில் வேறு ஆள்.

அந்தக் குரல்தானா?
சுவர் வழியே கேட்டுப் பழகியதைச்
சுவர் இல்லாமல் கேட்டால் எப்படிச் சொல்வது.
அதுவும் பத்து வயதில்
எந்தப் பையன் வாயிலும் வரக்கூடிய வாக்கியம்தான்.

திங்கட்கிழமை படுத்தேன், தூங்கவில்லை.
பறை ஓய்ந்தது.
நூற்றுப் பத்தொன்பது குதித்தது.
வெண்ணாறு கிளம்பி வந்து
மதகின் முன்னால் நின்றது.

சத்தமே இல்லை.

வேறு பையனைப் போட்டிருப்பார்கள்.
இல்லாவிட்டால் கட்டுப் போட்ட கையைப்
பலகைபோல் குறுக்கே நீட்டிக்கொண்டு அவனே.
எழுந்து உட்கார்ந்தேன்.
சுவரைப் பார்த்து, உதடு மட்டும் அசைய,
மூடினீங்க, மூடினீங்கடா.

"என்னைக் கேட்டா திறந்தீங்க?"

கைதட்டல். ஆகாயத்தாமரைச் சிரிப்பு.
சனியனே என்று சொல்லிவிட்டு
ஃபேனை ஒரு நம்பர் கூட்டிப் படுத்தேன்.
நாலு மணிக்கு வேன்கள் ஹாரன் அடித்துப் போனதுகூடத் தெரியாது.
விழித்தபோது ஆறே முக்கால்.
டூட்டிக்கு லேட்.