நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மகோவில் எங்கள் வெங்காயக் கிடங்கில் எனக்கு இரவு வேலை.
பொரோக்கா எழுதும்போது பார்க்க வாய்த்ததில்லை.
எழுதியதைத்தான் பார்த்தேன்,
அவளைக் கேட்காமல்.

கோடை விடுமுறைக்குப் பள்ளியில் கொடுத்த வாசிப்புக் குறிப்பேடு.
தலைப்பு, ஆசிரியர், முக்கியப் பாத்திரம், முடிவு
என்று அச்சடித்த கட்டங்கள்.
ஒன்பது வயது கட்டத்துக்குள் அடங்குமா?
ஓரங்களில் ஏறி
அட்டையின் உட்புறம்வரை போயிருக்கிறாள்.

"நாற்பதாம் பக்கத்தில் ஒரு கொசுவை நசுக்கிவிட்டேன்.
நூலகத்து எத்தெல்கா அத்தை மன்னிக்கவும்."

"இந்த ராஜாவுக்கு மூளை கம்மி.
குதிரைக்கு அப்படியில்லை."

"புளிச்செர்ரி மரத்தில் உட்கார்ந்து படித்தது.
மழை பெய்யும் அத்தியாயங்களுக்கு மூன்றாம் கிளை நல்லது."

"பிடிக்கவில்லை.
ஏன் என்று கேட்கிற கட்டம் ரொம்பச் சின்னது."

பிறகு ஜூலை பத்தொன்பது.
திஸா ஆற்றில் ஒரு படகுக்காரன், அவன் நாய்.
"நூற்றுப் பன்னிரண்டில் நிறுத்திவிட்டேன்.
நாய் தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது.
நான் படிக்காதவரைக்கும் அது சாகாது."
முடிவு என்ற கட்டம்
வெள்ளையாகக் கிடந்தது.

புத்தகம் அலமாரியில் இல்லை, கட்டிலடியில் இல்லை.
துணிக்கூடையில்
குளிர்காலக் கம்பளிக்குள் சுற்றி வைத்திருந்தாள்,
நாய்க்குக் குளிருமாம்.

சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.
கதைப்புத்தகம் தொட்டுப் பதினேழு வருஷம்.
இரண்டு மணி இடைவேளையில்
மூட்டைமேல் உட்கார்ந்து புரட்டினேன்.
நூற்று முப்பத்தொன்றில்
செத்துப்போயிற்று.

அழுதேன்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
வெங்காயக் கிடங்கில் அழாதவர் யார்?
"புது மூட்டையா, காரம் அதிகமோ" என்று
கடந்து போனாள் இபோய்யா.

விட்ட இடம் தப்பிவிடக் கூடாதென்று
நூற்றுப் பன்னிரண்டில் ஒரு வெங்காயச் சருகை வைத்து
கம்பளிக்குள் திருப்பி வைத்தேன்.
அப்புறம் அந்த வெள்ளைக் கட்டம்.
பிழைத்தது என்று எழுதினால் பொய்.
செத்தது என்று எழுதினால்
நானே கொன்ற மாதிரி.
பென்சிலால் எழுதி, அழித்து,
காகிதம் தேய்ந்து மெலிந்தபின் எழுதினேன்:
"நூற்று முப்பத்தொன்றில் நான் இருக்கிறேன்.
வரும்போது சொல்."

இரண்டு நாள் பேச்சில்லை.
சூப்புக் கரண்டிக்கு மேலாக
என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள், என் வரிக்குக் கீழே:
"குறிப்பேட்டில் வெங்காய வாசனை.
கேட்காமல் படித்ததற்கு அபராதம் உண்டு."
அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.
வாசகர் பெயர்: அம்மா.
தலைப்பு: அவளே எடுத்துக்கொள்ளட்டும்.
குறிப்பு: நாய் வேண்டாம்.

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து
துணிக்கூடையில் கைவிட்டேன்.
வெங்காயச் சருகு
நூற்றுப் பதினெட்டுக்கு நகர்ந்திருந்தது.