பறிமுதல் பதிவேடு

எண் நாற்பத்தொன்று. தகர டப்பா, சிவப்பு.
மூடியில் மேகத்தின்மேல் மிதக்கும் ஒரு பெண்.
உள்ளே கனத்த பலகாரம் நான்கு.
உரியவர்: ஷியே மெய்லின், ஒன்பதாம் வகுப்பு 'ஆ'.
காரணம்: வெளித் தின்பண்டம்.
எழுதிவிட்டு மேசைக்கடியில் தள்ளினேன்.
இரண்டு நாளாகக் கடைவாய்ப் பல் வலி,
யாரிடமும் கனிவாக இருக்க முடியவில்லை.

அவள் அழவில்லை. வாசலில் நின்று
"நாளைக்குக் குடுத்தா அது வெறும் கேக்குதான் மிஸ்" என்றாள்.
அசல் சென்னைத் தமிழ். அப்பா அங்கே பல் டாக்டர்,
தாத்தாவும் பல் டாக்டர்.
நான் தாடையைப் பிடித்திருப்பதைப் பார்த்து
"எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள்.

ஒன்பதரைக்கு மஞ்சக்குப்பத்தில் கரண்ட் போனது.
தலை எண்ண டார்ச்சோடு போனால்
ஆறாம் அறையில் எட்டுக் கட்டிலும் காலி.
ஒன்பதாவது, ஜூலையிலிருந்தே காலி.
மாடியில்தான் இருப்பார்கள்.
படியேறும்போது என் கக்கத்தில் அந்த டப்பா இருந்ததற்கு
இதுவரை நான் காரணம் எழுதவில்லை.

தண்ணீர்த் தொட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.
கெடிலத்துப் பக்கமிருந்து சேற்று வாடை.
காயாத சீருடைகளுக்கு மேலே
மேகம், மேகம், அதற்கும் மேல் மேகம்.
"நிலா வராம ஆரம்பிக்கக் கூடாதாடி?" ஸ்டெல்லா.
"அதெல்லாம் வந்தாச்சு" என்றாள்
கிள்ளைக்காரி அஞ்சலாட்சி, அண்ணாந்து பார்க்காமலே.
"தண்ணி ஏறியிருக்கும் இந்நேரம்.
அப்பா படகை மேல இழுத்துப் போட்டிருப்பாரு."

என்னைக் கண்டதும் எழுந்தார்கள்.
டப்பாவைத் தரையில் வைத்தேன். உட்கார்ந்தார்கள்.

ஸ்கேலின் விளிம்பால் அறுத்தாள் மெய்லின்.
நடுவில் மஞ்சளாக ஓர் உருண்டை.
"உப்புல ஊறின வாத்து முட்டை. இதான் நிலா."
"முட்டையா!"
ஐந்து கைகள் ஒன்றாகப் பின்வாங்கின.
புரட்டாசி பிறந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.
பெருமாளுக்கு யார் பதில் சொல்வது?
முட்டை பட்ட இடமும் முட்டைதான் என்றாள் கோமளவல்லி.
தள்ளியிருக்கும் இடம் அப்படியில்லை என்றாள் பர்வீன்,
அவளுக்கு இதில் நஷ்டமொன்றும் இல்லாததால் நிதானமாக.
மெய்லின் கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"ஓரத்துல நிலாவே இல்லடி. அது வெறும் வானம்.
வானம் தின்னலாம்."

அந்தத் தீர்ப்பு நின்றது.
ஐந்து பேருக்கு வானம்,
மூன்று பேருக்கு நிலா,
எனக்கு இரண்டும் கலந்து ஒரு துண்டு.
மூடியில் இன்னொன்று மிச்சம்.
"அது யாருக்கு?"
"வீட்டுக்கு வர முடியாதவங்களையும் சேத்துதான்
அறுக்கணும் மிஸ். சுடர்க்கொடிக்கு."

ஜூலையில், கட்டணம் பாக்கி என்று
அவளுடைய டி.சி.யை எழுதிய கைதான்
இப்போது இந்தத் துண்டைப் பிடித்திருந்தது.
வாயில் போட்டுக் கடித்தேன்.
தாமரை விதை இனிப்பு நேராகப் போய்ப்
பல்லின் குழிக்குள் உட்கார்ந்துகொண்டது.
கண்ணில் நீர் கட்டி, வழிந்தேவிட்டது.

பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள்.
அஞ்சலாட்சி மெல்ல என் புடவை நுனியைத் தொட்டாள்.
மெய்லின் மட்டும் டார்ச்சை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.
"வாயைத் திறங்க மிஸ்.
வலதா, இடதா?"