எண்பத்தொன்பது வெள்ளி

ஜெலுத்தோங் சாலையில் மின்சாமான் கடை.
வெளியே மழை.
நாற்பது நிமிடமாக
இரண்டு பாத்திரங்களுக்கு நடுவில் நிற்கிறோம்.

இந்தப் பக்கம் ரைஸ் குக்கர்.
வெள்ளை உடம்பு, ஒரே ஒரு விசை.
அழுத்தினால் சமைக்கும், வெந்தால் தானே மேலேறும்.
வேறெதுவும் தெரியாது அதற்கு.
எண்பத்தொன்பது வெள்ளி.

அந்தப் பக்கம் கறுப்பாக, கனமாக,
பதினான்கு பொத்தான்களுடன் பிரஷர் குக்கர்.
ஆட்டிறைச்சி என்கிறது, கஞ்சி என்கிறது, கேக் என்கிறது,
தயிர்கூட உறைய வைக்குமாம்.
முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
எட்டு மாதத் தவணை என்கிறார் கடைக்காரர் ஊய்,
நான் கேட்பதற்கு முன்பே.

எனக்கு அந்தக் கறுப்பன்மேல்தான் கண்.
பொத்தான்களை ஒருமுறை வாசித்தேன், மறுபடி வாசித்தேன்.
எனக்கே ஏதோ பதினான்கு வேலை தெரிந்ததுபோல் ஒரு தெம்பு.

லோகேஸ்வரி மூடியைத் திருகித் திறந்து
உள்ளே எட்டிப் பார்த்தாள்.
"விசில் எங்கே?"
சத்தமே வராது என்றார் ஊய், பெருமையாக.
"அப்ப பருப்பு வெந்தது எப்படித் தெரியும்?
மூணு விசிலுக்குள்ள குளிச்சிட்டு வர்றவ நான்."

நான் விடவில்லை.
இதில் நேரம் குறித்து வைக்கலாம்.
ஒன்பதுக்கு அரிசி களைந்து போட்டுவிட்டு நீ படுத்துக்கொள்.
துறைமுகத்தில் வேலை முடிந்து
பாலம் கடந்து நான் வரும் மூன்றரைக்கு
ஆவி பறக்கப் புதுச்சோறு.
நீ எழவே வேண்டாம்.

"இப்பவும் நான் எழுந்திரிக்கிறதில்லையே"
என்றாள் பொத்தான்களைப் பார்த்தபடி.

கடையில் மின்விசிறிகள் மட்டும்
எல்லா விலையிலும் சுற்றிக்கொண்டிருந்தன.

ஐந்தரைக்கு அவளுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்.
அவள் திரும்புவதற்குள் என் மோட்டார் கிளம்பிவிடும்.
வாரத்தில் ஆறு நாள் நாங்கள் பேசிக்கொள்வது
குளிர்ப்பெட்டிக் கதவில், துண்டுச்சீட்டில்.
கேஸ் சொல்லியாச்சு.
சாவி செருப்புக்குள்ள.

"எத்தனை பேர் சாப்பிடுவீங்க?" என்றார் ஊய்.
ரெண்டு பேர் என்றேன்.
"ஒருத்தர் ஒருத்தரா" என்றாள் அவள்.
அவர் ஒன்றும் பேசாமல்
வெள்ளையைப் பெட்டியில் வைத்துக் கட்டினார்.

வீட்டிலிருக்கும் பழைய அலுமினியக் குக்கருக்கு
ரப்பர் வளையம் ஒன்றும் வாங்கினோம்.
ஆறு வெள்ளி. பேரம் பேசியும் குறையவில்லை.

இது ஐந்தாவது மாதம்.
மூன்றரைக்குக் கதவைத் திறந்தால்
இருட்டில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி.
ஆறு மணிநேரம் சூட்டில் கிடந்த சோறு
ஓரத்தில் காய்ந்து, லேசாக மஞ்சளித்து,
சுரண்டினால் அப்பளம்போல் பெயரும்.
அதை அவளிடம் நான் சொன்னதில்லை.
கறுப்பனையும் முழுதாக மறக்கவில்லை.
போன வாரம்கூடக் கடைவாசலில் மோட்டாரை மெதுவாக்கினேன்.
இப்போது முந்நூற்று நாற்பத்தொன்பதாம்.

சுவிட்சை அணைக்கிறேன்.
டக்.

உள்ளறையில் கட்டில் நெளிகிறது.
கண் திறக்காத குரல்:
"முட்டை மேல்தட்டுல இருக்கு.
உரிச்சு வெச்சா காஞ்சிரும்னு உரிக்கல."