காசல்ரீயில் மூன்றாம் சுற்று

எல்லாப் படகும் இடப்பக்கம் போயின.
அங்கே தண்ணீர் கறுத்துச் சிலிர்த்தது.
நிஷங்க முன்னால், இருபது முழம்.

நான் மேலே பார்த்தேன்.
கோவில் பக்கம் சாய்ந்திருந்த பெக்டரிப் புகை
இப்போது நேரே நிற்கிறது.
ஏழாம் நம்பர் மலையில் டர்பன்டைன் மரங்கள்
இலையின் வெள்ளையைத் திருப்பிக் காட்டுகின்றன.

வலப்பக்கம் திருப்பினேன், தனியே.
"கிறுக்கா?" என்றாள் முன்பாய் பிடித்த ரெஜினா.
எண்ணு என்றேன்.

ஒன்பதுவரை ஒன்றுமில்லை.
பாய் ஈரப் படங்காய்த் தொங்கியது.
திரும்பிவிடு என்றது சுக்கான் கை;
மற்றக் கையால் அதை அமுக்கிக்கொண்டேன்.

பதினொன்றில்
தேயிலை வாசத்தோடு இறங்கியது காற்று.
மிதவையை முதலில் நாங்கள் சுற்றினோம்.

கடைசிச் சுற்றில்
பின்னால் வருகிறானா என்று
திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.
புகை எப்போது சாய்ந்ததோ தெரியாது.

இரண்டாம் இடம்.
ரெஜினா பாயைச் சுருட்டுகிறாள், பேசாமல்,
இன்னும் எண்ணிக்கொண்டிருப்பவள் போல.