நடு நாற்காலி

எழுநூறு தட்டுகள் அச்சடித்தோம்.
விற்றவை நூற்றுப் பதினொன்று.
மீதி, என் கார் நிற்கவேண்டிய கொட்டகையில்
அட்டைப்பெட்டிகளாய் நிற்கின்றன.
கார் மழையில்.
பெர்கனில் மழை ஒரு செய்தியல்ல.

மரத்தேவாலயம். மூன்று இரவுகள்.
சாலையில் லாரிகள் ஓய்ந்தபிறகுதான் வேலை.
பதினாறு பாடகர்கள் வட்டமாக,
நடுவே ஐந்து மைக்குகள்,
அவற்றின் அடியில் ஒரு காலி நாற்காலி.
கேட்பவர் இங்கேதான் உட்கார்ந்திருப்பார் என்றேன்.
அதன்பின் இடைவேளையில்கூட
ஒருவரும் அதில் உட்காரவில்லை.
கோட்டைக்கூட மாட்டவில்லை.

இடப்பக்கம் பின்னால் நின்றவள் குன்வோர்.
ஒவ்வோர் அடிக்கும் மூச்செடுக்கும் முன்
நாக்கால் மேலண்ணத்தில் மெல்ல ஒரு தட்டு.
அழித்துவிடலாம் என்றார் தயாரிப்பாளர்.
நான் அழிக்கவில்லை.
காதுக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி
அதை உட்காரவைக்க ஒரு வாரம் ஆனது.

கடைக்காரர் ஈவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
இது அந்த வகையா, இந்த வகையா?
அந்த வகை என்றால் இந்த பிளேயரில் ஓடாதே.
இரண்டு வகைக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது.
ஜனங்கள் இரண்டையும் விட்டுவிட்டு
சட்டைப்பையில் அடங்கும் பாட்டோடு
பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.
ஐந்து ஸ்பீக்கர் வைக்க
சுவர் இருக்கிறவனுக்குப் பெண்டாட்டியும் இருப்பாள் அம்மா,
என்று சொல்லிவிட்டு
இரண்டே இரண்டு பிரதி எடுத்துக்கொண்டார்.

நவம்பரில் ஒரு கடிதம். ஓர்ஸ்தாவிலிருந்து,
ஒட்வார் மிக்லபுஸ்ட்.
‘தட்டில் பழுது.
இடப்பக்கம் பின்னால் ஒன்றுமே கேட்கவில்லை.
சுவருக்கு அப்பால் யாரோ பாடுகிறார்கள்.’

பழுதென்று ஒருவராவது எழுதினாரே.
இரண்டு படகுத்துறை தாண்டிப் போனேன்.

மனிதர் நடு நாற்காலியில் இருந்தார்.
எழவில்லை, தலை திருப்பவில்லை.
தலையை அசைக்காமல் கேட்கவும்:
உறையின் உள்பக்கம்
நான் எழுதிய குறிப்புதான்.
அதை ஒரு மனிதர்
இப்படிக் கடைப்பிடிப்பார் என்று நினைத்திருந்தால்
வேறுமாதிரி எழுதியிருப்பேன்.

வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.
சோபாவுக்குப் பின்னால், திரைச்சீலைக்கு அடியில்,
கதவிடுக்கு வழியாகச்
சமையலறைக்குள் போய்
மாவு டப்பாவுக்கும் உப்புக்கும் நடுவே
என் ஐந்தாவது ஸ்பீக்கர்.
அதன் கீழே
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு போர்கில்ட்.

‘அங்கே ஒரு நாற்காலிக்குத்தான் இடமாம்.
இரண்டு வருஷம் அவருக்கு மிஞ்சின சத்தத்தை
இங்கிருந்து கேட்டேன்.
அப்புறம் எனக்கென்று ஒன்றை எடுத்துக்கொண்டேன்.’
கத்தியை வைத்தாள்.
‘ஒன்று கேட்கவேண்டும் உங்களிடம்.
இந்தப் பெண் யார்?
பாடுவதற்கு முன்னால்
நாக்கால் ஒரு தட்டு தட்டுகிறாளே, இவள்?’

பதினாறு பேரில் பதினைந்து பேர்
சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தார்கள்.
இவளுக்கு அது பாடகர் குழுவே இல்லை.
வேலையாக இருக்கும்போது வந்து
பக்கத்தில் நின்று பாடிவிட்டுப் போகும்
ஒருத்தி.

பெயர் குன்வோர் என்றேன்.
ஊர் வோஸ். பல் மருத்துவரிடம் வேலை.
போர்கில்ட் தலையாட்டிக்கொண்டாள்,
ரொம்ப நாளாய்த் தெரிந்தவளின்
விலாசம் இப்போதுதான் கிடைத்ததுபோல.

கூடத்திலிருந்து குரல்:
‘என்ன, கண்டுபிடித்தாயிற்றா?’

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.
தட்டில்தான் பழுது என்றேன் நான், உரக்க.
பையிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தேன்.
அதிலும் அதே பழுதுதான் இருக்கும்.
அவர் மறுபடி எழுதுவார்.

இலவசமாய்க் கொடுத்தது கணக்கில் சேராது.
விற்றவை இன்னும் நூற்றுப் பதினொன்றுதான்.
திரும்பும் படகில்
என்ஜின் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது.